எடை குறைக்கும் டப்பா: அந்தக் காசுக்கு வேறென்ன கிடைக்கும்?

ஒரு டப்பா மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் எடுத்தால்தான் பலன் தெரியும் என்று விற்பவர் சொல்வார். ஆக 4,500 ரூபாய். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "இது வேலை செய்யுமா?" என்றுதான். அந்தக் கேள்விக்கு வாங்கிச் சாப்பிட்டவர்களிடம் பதில் கிடைக்காது. டப்பா வாங்கியவர் அன்றைக்கே இரவுச் சோற்றைக் குறைத்திருப்பார், காலையில் நடக்கக் கிளம்பியிருப்பார், டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்றிருப்பார். மூன்று கிலோ இறங்கும். பெயர் டப்பாவுக்குப் போகும்.

டப்பாவின் ஓரத்தில் பொடி எழுத்தில் "முறையான உணவும் உடற்பயிற்சியும் அவசியம்" என்று போட்டிருப்பார்கள். அந்த வரி பொய்யில்லை. அந்த உணவும் நடையும் அப்படியே இருக்க, டப்பா மட்டும் இல்லாமல் இருந்தால் எவ்வளவு இறங்கியிருக்கும்? அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கும் சரக்கு. அந்தக் கழித்தலைச் செய்வதற்குத்தான் ஆய்வுகளில் ஒரு பாதிப் பேருக்கு நிஜ மாத்திரையும், மறுபாதிக்கு அதே மாதிரி தெரியும் வெற்று மாத்திரையும் கொடுக்கிறார்கள். கடையில் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாக இந்தக் கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

புளியும் தேநீரும் காப்பியும்

அதிகம் விற்பவற்றில் ஒன்று கார்சினியா கம்போஜியா. பெயரைப் பார்த்து ஏதோ அமேசான் காட்டு மூலிகை என்று நினைக்க வேண்டாம், நம்ம குடம்புளிதான். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் மீன் குழம்பில் போடுவது. இதன் தோலில் இருக்கும் ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம், உடலில் கொழுப்பு உருவாகத் தேவைப்படும் ஒரு நொதியைத் தடுக்கும். ஆய்வகத்தில் அது நடந்ததால்தான் காப்ஸ்யூல் பிறந்தது. மனிதர்களிடம் நடந்ததா? 1998இல் ஜாமா மருத்துவ இதழில் நியூயார்க் ஆய்வு ஒன்று வந்தது. 135 பேர், 12 வாரம், எல்லோருக்கும் ஒரே மாதிரி கலோரி குறைந்த உணவு. ஒரு குழுவுக்குத் தினமும் 1,500 மில்லிகிராம் அமிலம், மற்றதற்கு வெற்று மாத்திரை. கார்சினியா குழு சராசரியாக 3.2 கிலோ இறங்கியது. வெற்று மாத்திரைக் குழு 4.1 கிலோ. இந்த வித்தியாசம் தற்செயலாக வரக்கூடிய அளவுதான், அதனால் கார்சினியா எடையைக் கூட்டுகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் "மூன்று கிலோ குறைந்தேன்" என்று அந்தக் குழுவில் ஒருவர் விளம்பரத்தில் வந்து சொல்லியிருந்தால், அவர் சொன்னது முழுக்க உண்மையாகவே இருந்திருக்கும். யோசித்துப் பாருங்கள்.

பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே என்றும் விட முடியவில்லை. 2009 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, ஹைட்ராக்ஸிகட் என்ற எடைக்குறைப்புப் பொருளைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. கடுமையான உடல் பாதிப்பு பற்றி 23 புகார்கள், அவற்றில் பெரும்பாலானவை கல்லீரல் பாதிப்பு, ஒரு மரணம். நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதன் வகைகளில் பலவற்றில் கார்சினியா இருந்தது. எந்தப் பொருள்தான் காரணம் என்று அப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு கார்சினியாவை மட்டும் எடுத்தவர்களிடமும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. மிக அரிதுதான். ஆனால் அது யாருக்கு வரும் என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க வழியில்லை. குழம்பில் போடும் இரண்டு சுளை குடம்புளியைப் பற்றி இதில் எதையும் நான் சொல்லவில்லை. மீன் குழம்பு பாட்டுக்கு நடக்கட்டும்.

கிரீன் டீயும் இதே கதைதான், கொஞ்சம் மென்மையாக. தேநீராகக் குடித்தால் பிரச்சினை இல்லை, எடையிலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. 2012இல் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, குறையும் எடை மருத்துவ ரீதியாகப் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று சொல்லிவிட்டது. சாற்றைப் பிழிந்து காப்ஸ்யூலாக்கும்போதுதான் அளவு மாறுகிறது. குடிப்பவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 90 முதல் 300 மில்லிகிராம் ஈஜிசிஜி என்ற பொருள் உள்ளே போகிறது. சில காப்ஸ்யூல்களில் நாளொன்றுக்கு 1,000 வரை போகும். 800ஐத் தாண்டினால் கல்லீரல் நொதிகள் ரத்தத்தில் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் அறிவித்தது. உங்கள் டப்பாவில் ஈஜிசிஜி எத்தனை மில்லிகிராம் என்று தேடுங்கள். "கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் 500 மில்லிகிராம்" என்று மட்டும் போட்டிருந்தால் அதில் ஈஜிசிஜி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது.

பச்சைக் காப்பிக்கொட்டைதான் இந்தக் கூட்டத்திலேயே சுவாரஸ்யமான ஆள். 2012இல் ஒரு ஆய்வு வெளியானது: 16 பேர், 22 வாரம், உடற்பயிற்சி இல்லாமல் சராசரியாக 8 கிலோ குறைந்தது என்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாக்டர் ஓஸ் தன் நிகழ்ச்சியில் இதைத் தூக்கிப்பிடித்தார், உலகமே பச்சைக் காப்பி வாங்கியது. அந்த ஆய்வு நடந்தது வேறெங்கும் இல்லை, இந்தியாவில். பணம் போட்டது காப்பிச் சாற்றை விற்கும் அமெரிக்க நிறுவனம். பிறகு அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி தோண்டிப் பார்த்தது. ஆய்வை நடத்தியவர் எடைக் கணக்குகளைத் திரும்பத் திரும்ப மாற்றியிருக்கிறார், ஆய்வு எத்தனை வாரம் என்பதையே மாற்றியிருக்கிறார், யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்கு வெற்று மாத்திரை என்பதில்கூடக் குழப்படி செய்திருக்கிறார் என்று குற்றம் சாட்டியது. 2014இல் நிறுவனம் 35 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. அதே ஆண்டு ஆய்வுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. டாக்டர் ஓஸ் அமெரிக்க செனட் குழு முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டி வந்தது. இவ்வளவு நடந்தும் பச்சைக் காப்பிப் பொட்டலம் இன்றைக்கும் நம் ஊர் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் இருக்கிறது. "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று டப்பாவில் பார்த்தால், எத்தனை பேர், எத்தனை வாரம், யார் பணம் என்று மூன்றையும் கேட்கச் சொல்வது இதனால்தான்.

ஆப்பிள் சைடர் வினிகருக்கும் இதே கதி. லெபனானில் 120 இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வந்து தலைப்புச் செய்தியானது. தரவுகள் நம்பும்படி இல்லை என்று 2025இல் அதை வெளியிட்ட மருத்துவ இதழ்க் குழுமமான பிஎம்ஜே அதைத் திரும்பப் பெற்றது. வினிகர் பிடித்தால் சாலட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் நீர்க்காமல் குடித்தால் பல் எனாமல்தான் கரையும்.

இரண்டே வாரத்தில் தெரிந்தால்

இனி பலன் "தெரியும்" வகை. ஸ்லிம்மிங் டீ, வயிற்றைச் சுத்தம் செய்யும் பொடி என்று வருபவற்றில் பலவற்றின் முக்கியச் சரக்கு நிலவாகை, ஆங்கிலப் பெயரில் சென்னா. உலகச் சந்தையில் இதற்குப் பெயரே டின்னவேலி சென்னா. நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போவதால் வந்த பெயர். மலச்சிக்கலுக்கு இது நல்ல மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் குடலைக் கழுவினால் தண்ணீரும் கழிவும்தான் போகும். எடை மெஷினில் ஒன்றிரண்டு கிலோ குறைந்து காட்டும், இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. அது ஒரு ராத்திரியில் கழிப்பறை வழியாகப் போகாது. மாதக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கும். நீர் மாத்திரை எடுக்கும் ரத்த அழுத்தக்காரர்களுக்கு அது விளையாட்டுக் காரியம் இல்லை.

இன்னொரு ரகம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். "சுத்த மூலிகை" என்று சொல்லி விற்பார்கள், எடுத்த சில நாளிலேயே பசி நிஜமாகவே அடங்கும், வாய் உலரும், தூக்கம் கெடும், நெஞ்சு படபடக்கும். எடையும் குறையும். வாங்கியவர் பத்துப் பேரிடம் சொல்வார். சிபுட்ரமின் என்ற மருந்து செய்வது இதையேதான். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்து 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையை விட்டு எடுத்தார்கள். இந்தியா 2011இல் தடை செய்தது. ஆனால் "இயற்கை" எடைக்குறைப்புப் பொருட்களுக்குள் லேபிளில் சொல்லாமல் சிபுட்ரமின் கலந்திருப்பதை எஃப்டிஏ இன்றுவரை கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே மூலிகை டப்பா மந்தமாக இருந்தால் காசு தண்டம். அதிசயமாக வேலை செய்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கவலைப்பட வேண்டும். வாட்ஸாப்பில் வரும் பெயர் தெரியாத டப்பாவுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

கழித்த பிறகும் ஏதாவது மிஞ்சுபவை

நார்ச்சத்து. குளுக்கோமன்னன் என்ற கிழங்கு நார் தினம் 3 கிராம், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன் ஒரு கிராம், ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரோடு எடுத்தால், கலோரி குறைந்த உணவு சாப்பிடுபவர்களுக்கு எடை குறைய உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஏற்றுக்கொண்டது. எடைக்குறைப்புச் சங்கதிகளில் அந்த ஆணையத்தின் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அபூர்வம். இருந்தாலும் குறைவது கொஞ்சம்தான். தண்ணீர் குறைவாகக் குடித்தால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். அதைவிட மலிவாக, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் இசப்கோல் இருக்கிறது. எடையில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். கெட்ட கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் இறக்கும், மலச்சிக்கல் தீரும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதோடு சேர்த்து இதை விழுங்காமல் சில மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும்.

ஷேக் பவுடர். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்குச் சில மாதம் எல்லாச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டு நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி வரும் சூப்பும் ஷேக்கும் மட்டும் கொடுத்தார்கள், மருத்துவக் கண்காணிப்பில். ஓராண்டில் சராசரி 10 கிலோ குறைந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. சாப்பாட்டுக்குப் பதிலாக ஷேக் என்பதால் நடந்தது அது. நம் வீடுகளில் ஷேக்கைக் குடித்துவிட்டு அரை மணி கழித்து நாலு இட்லியும் உள்ளே போகும். அப்படியென்றால் அது எடை கூட்டும் பவுடர். அடுத்தவரைச் சேர்த்துவிட்டால் கமிஷன் என்கிற முறையில் உங்கள் அத்தையோ ஆபீஸ் நண்பரோ விற்கிறார் என்றால், கலோரிக் கணக்கோடு உறவுக் கணக்கும் சேர்ந்துவிடும். வேண்டாம் என்று சொல்வதுதான் அங்கே கடினமான உடற்பயிற்சி.

ஆர்லிஸ்டாட். இது சப்ளிமென்ட் இல்லை, மருந்து. உணவில் இருக்கும் கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதத்தை உடல் உறிஞ்சாமல் வெளியே அனுப்பும். ஸ்வீடனில் 4 ஆண்டு நடந்த ஆய்வில் இதை எடுத்தவர்கள் 5.8 கிலோவும், வெற்று மாத்திரைக்காரர்கள் 3 கிலோவும் இறங்கினார்கள். கழித்தால் 2.8 கிலோ மிஞ்சுகிறது. கொழுப்பு வெளியே போவது எப்படி என்றால், எண்ணெயாக, சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வெள்ளை வேட்டியில் கல்யாணத்துக்குப் போக முடியாது. ஏ, டி, இ, கே வைட்டமின்களும் கூடவே போகும். மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டியதில்லை.

அப்புறம் ஊசிகள். இவற்றைப் பேசாமல் எடைக்குறைப்புச் சந்தையைப் பற்றி இனிப் பேச முடியாது. செமாகுளுட்டைடு ஆய்வில் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீத எடை குறைந்தது, வெற்று ஊசியில் 2.4. டிர்செபடைடின் அதிக அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதம், வெற்று ஊசியில் 3.1. கார்சினியா ஆய்வின் 3.2 கிலோவுக்கும் 4.1 கிலோவுக்கும் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். டிர்செபடைடு ஊசியான மவுன்ஜாரோ இந்தியாவுக்கு 2025 மார்ச்சில் வந்தது, செமாகுளுட்டைடு ஊசியான விகோவி அதே ஆண்டு ஜூனில். ஆனால் இவை மருத்துவர் சீட்டில் மட்டும் வாங்க வேண்டியவை. வாந்தி, பேதி, மலச்சிக்கல் உண்டு, பித்தப்பைக் கல் வரலாம். நிறுத்தினால்? செமாகுளுட்டைடை நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஆக இதன் விலையை மாதத்துக்குப் பார்க்கக் கூடாது, ஆண்டுகளுக்குப் பார்க்க வேண்டும். ஓசெம்பிக் என்பதும் செமாகுளுட்டைடு ஊசிதான்; "இயற்கை ஓசெம்பிக்" என்று விற்கும் பெர்பெரின் என்ற தாவரப் பொருள் காப்ஸ்யூலுக்கும் இந்த எண்களுக்கும் சம்பந்தமே கிடையாது.

லேபிளும் சட்டமும்

நம் நாட்டில் சப்ளிமென்ட் என்பது சட்டப்படி உணவு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுக்கும் 14 இலக்க உரிம எண் டப்பாவில் இருக்க வேண்டும். அந்த எண் இருந்தால் தயாரிப்பாளர் உரிமம் பெற்றவர் என்று பொருள். எடை குறையும் என்று அரசு சோதித்துச் சொன்னதாகப் பொருள் இல்லை. அதே டப்பாவில் "மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது" என்ற வாசகமும் இருக்கும். ஆயுஷ் உரிமத்தோடு வருபவை வேறு கணக்கு. 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயச் சிகிச்சைகள் விளம்பரச் சட்டத்தில் ஒரு நோய்ப் பட்டியல் இருக்கிறது; அந்த நோய்களைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. உடல் பருமன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் கவனமானவர்கள் "எடை நிர்வாகத்துக்குத் துணைபுரியும்" என்று வழுக்கலாக எழுதுகிறார்கள். "30 நாளில் 10 கிலோ உறுதி" என்று எழுதுபவர் அந்தக் கவனம்கூட இல்லாதவர். உள்ளே இருக்கும் சரக்கில் மட்டும் கவனமாக இருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பல பொருளைக் கலந்து "சிறப்புக் கலவை 850 மில்லிகிராம்" என்று மொத்த எடையை மட்டும் போட்டிருந்தால் அதை அங்கேயே வைத்துவிடலாம். எது எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை எந்த ஆய்வோடும் ஒப்பிட முடியாது.

சரி, அந்த 4,500 ரூபாய்

கொழுப்பு எரிக்கும் காப்ஸ்யூல், ஸ்லிம்மிங் டீ, பச்சைக் காப்பி: மூன்றுக்கும் என் கணக்கில் பூஜ்யம் ரூபாய். இசப்கோலுக்கு ஒரு சிறு தொகை கொடுக்கலாம். மீதியை முதலில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுப்பேன். தைராய்டு குறைவாக இருந்தாலும், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தாலும், ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடுத்தாலும் எடை ஏறும். காரணம் தெரியாமல் டப்பா வாங்குவதில் அர்த்தமில்லை. தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றும் பார்த்தாலும் காசு மிச்சம் இருக்கும். முட்டை ஒன்று ஏழு ரூபாய் என்று வைத்தால்கூட தினம் இரண்டு என்று மூன்று மாதத்துக்கு 1,260 ரூபாய். காலை இட்லியில் இரண்டைக் குறைத்து அந்த இடத்தில் முட்டை வைத்தால் பதினோரு மணிக்கு வடை தேடாது. முட்டை சாப்பிடாதவர்களுக்குச் சுண்டல், பயறு, கொள்ளு. "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று கேட்டே வளர்ந்திருக்கிறோம். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது, ஆனால் புரதமும் நாரும் உள்ள பருப்பு, ஒரு கிண்ணம் சோற்றின் இடத்தைப் பிடித்தால் வேலை செய்யும். ரசத்தில் போட்டுக் கூடவே மூன்று கரண்டி சோறு என்றால் செய்யாது.

எடை மெஷின் அசையவில்லை என்று டப்பா தேடுபவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு செய்தி இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர். உணவையும் நடையையும் மாற்றியவர்களில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 26.4. உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்கு எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. பலன் மெஷினில் தெரியாமலும் வரும். இடுப்புச் சுற்றளவையும் ஒரு டேப்பால் அளந்து வையுங்கள்: நம்மவர்களில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80க்குள் இருப்பது நல்லது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கான பிஎம்ஐ 25ஐத் தாண்டியிருந்து கூடவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், டப்பாவுக்கு வைத்திருக்கும் பணம் மருத்துவரின் ஃபீஸுக்குப் போகட்டும். ஊசி உங்களுக்குத் தேவையா என்று அவர் சொல்வார்.

இதையெல்லாம் படித்த பிறகும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கல்லீரலில் ஏற்கெனவே பிரச்சினை உள்ளவர்கள், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்கள் மட்டும் தொட வேண்டாம். மற்றவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு டப்பாவை ஆரம்பிக்காதீர்கள். ஏதாவது ஆனால் எதனால் என்று தெரியாமல் போகும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது, கண் மஞ்சளாவது, அரிப்பு, காரணமில்லாத அசதி, வலப்பக்க மேல்வயிற்றில் வலி — இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு, டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மாத்திரைப் பட்டியலைக் கேட்கும்போது சப்ளிமென்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், பலர் அது மருந்தில்லையே என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பக்க விளைவைப் பொதுமக்களே தெரிவிக்க மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு ஒரு கட்டணமில்லா எண் இருக்கிறது: 1800 180 3024.